எழிலியும் எலிலியும்

தேவிப்பிரியாவின் மகள் எழிலியின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எலிலி என்று அச்சடித்துக் கொடுத்த அன்று மத்தியானம், நூம்பல் மாடிவீட்டில் எலிலி என்றொரு குழந்தை வந்து உட்கார்ந்திருந்தது. எழிலியின் வயதுதான், எழிலியின் முகம்தான். எழிலிக்கு முடி சுருண்டிருக்கும், இதற்குப் படிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தேவிப்பிரியா பதிவு அலுவலகத்திலேயே தப்பைப் பார்த்துவிட்டு, சத்தமும் போட்டுவிட்டு, திருத்தத்துக்கு ஒரு மனுவும் கொடுத்துவிட்டு, குமணன்சாவடியில் வேன் மாறி வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தபோது, இரண்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. குழந்தைக்குக் காவலிருந்த கீழ்வீட்டு ஜெகதாம்பாள், வீட்டுக்குச் சொந்தக்காரி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இன்னா தேவிமா, காலைல நீ உட்டுட்டுப் போசொல்ல ஒண்ணுதான இருந்துச்சு. இப்ப பாத்தா ரெண்டு கீது. ரெண்டும் பசிக்குதுன்னு அயுவுது."

எழிலி என்றால் பழைய தமிழில் மேகம். பிரசவத்துக்குப் போன சித்திரை வெயிலில், வேலப்பன்சாவடியிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒற்றை மேகம் ஒன்று ஆட்டோவுக்குக் கூடவே நிழல் பிடித்து வந்ததென்று அவள் கணவன் தமிழரசு சொல்வான். ஆவடிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். அரியலூர்க்காரன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தேவிப்பிரியாவும் அந்த நிழலை உணர்ந்திருந்தாள். அதனால் வேறு பெயர் எதையும் யோசிக்கவில்லை. ஆனால் பெயரைக் கேட்டவர்கள் ஒரு தடவையில் வாங்கிக்கொண்டதில்லை. எழிலா என்பார்கள். எழிலரசியா என்பார்கள். அவள் ஒவ்வொரு முறையும் நின்று, சிறப்பு ழ, அதற்குப் பக்கத்தில் சாதாரண லி என்று பொறுமையாகச் சொல்வாள்; அவர்கள் தலையாட்டிவிட்டு வேறொன்றை எழுதுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் நிரலில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். கண்ட பிழையைத் திருத்தும்வரை விடாதவள் என்று ஆபீசில் அவளுக்குப் பெயர். சொந்த மகளின் பெயரில் பிழையை விட்டுவைப்பாளா?

ஆகவே முதல் சில மாதங்கள் எலிலியை அவள் மகளாக நினைக்கவில்லை. திருத்தம் வரும் வரைக்கும் இருக்கட்டும் என்றுதான் இருந்தாள். பரணிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் தட்டை இறக்கி அதில் சோறு பிசைந்து கொடுத்தாள். எழிலிக்குச் சின்னதாய்ப் போன கவுன்களைப் போட்டுவிட்டாள். படம் எடுக்கும்போது மட்டும் லேசாகத் தள்ளி உட்காரவைத்தாள். எலிலி தள்ளி உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் தெரு முழங்கால் அளவு தண்ணீராகிக் கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம் எலிலிக்குக் காய்ச்சல் கண்டது. தேவிப்பிரியா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். துணி நழுவாமலிருக்க எலிலி தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, நீ போய்ச் சாப்பிடு" என்றாள். அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாக வாங்கினார்கள். மனு கொடுத்திருந்த ஞாபகம் மட்டும் தேவிப்பிரியாவிடம் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவ்வப்போது அலுவலகத்துக்குப் போய், இன்னும் ஆகவில்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் நிம்மதியோடு திரும்பி வந்தாள்.

வாயால் தப்பாகக் கூப்பிட்டதற்கு ஒருவரும் வந்ததில்லை. ஜெகதாம்பாள் இரண்டு பேரையுமே ஏலி என்றுதான் கூப்பிட்டாள், இரண்டு பேரும் ஓடினார்கள். எழுதினால்தான் வந்தார்கள், எழுத்து இருக்கும்வரை இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அவசரத்தில் தப்பாகத் தட்டி உடனே அழித்தவர்களால் வந்த குழந்தைகள் மாடிப்படி வரைக்கும் வந்து, கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாவது பிறந்தநாளுக்கு பேக்கரிக்காரர் கேக்கின்மேல் எளிலி என்று கிரீமில் எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்ததும் எளிலி வந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். பலூனை ஊதினால் சிரித்தாள், உடைந்தால் அதைவிடச் சிரித்தாள், தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவளைப் பிடித்துப்போனது. அவளுடைய எழுத்து இருந்த துண்டு எப்படியோ தமிழரசின் தட்டுக்கு வந்துவிட்டது. அவன் பேச்சு சுவாரசியத்தில் அதை வாயில் போட்டுக்கொண்டான். சிரிப்புச் சத்தம் பாதியில் நின்றது. அதன் பிறகு தமிழரசு எந்த வீட்டு விசேஷத்திலும் கேக் தொடுவதில்லை; கேட்டால் சர்க்கரை என்று சொல்லிவிடுவான்.

அடுத்து வந்தவள் எழிழி. டாக்டரைப் பார்க்கப் போன கிளினிக்கில், வரவேற்பில் இருந்த பெண் கோப்பில் அப்படி எழுதிவிட, காத்திருக்கும் நாற்காலியில் எழிலிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கச் சுருள் சுருளாக முடி, ஓரிடத்தில் நிற்காத கால். மருந்து தீரும் மட்டும் நூம்பலில் இருந்தாள். ஜெகதாம்பாளின் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். மறுபடி கிளினிக்குக்குப் போனபோது மூன்று பேரையும் அழைத்துப் போகவேண்டியிருந்தது. மூவரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தேவிப்பிரியா கவுன்ட்டரில் கோப்பைப் பார்த்தாள். பழக்கதோஷம். "இது ழி இல்லைங்க, லி. அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க" என்றாள். அந்தப் பெண்ணும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெள்ளை மை தடவி, மாற்றி எழுதினாள்.

திரும்பிப் பார்த்தபோது நடு நாற்காலியில் கடித்த பிஸ்கட் மட்டும் இருந்தது. எழிலி குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினாள். தண்ணீர் கேனுக்குப் பின்னால் தேடினாள். எலிலி தேடவில்லை. அவள் அந்த வெள்ளை மை பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேனில் திரும்பி வரும்போது எலிலி வழக்கத்தைவிட நெருங்கி உட்கார்ந்தாள்; தேவிப்பிரியாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை கன்றுக்குட்டி பால் குடிக்காமல் மாடிப்படியையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

அன்றோடு தேவிப்பிரியா யாரையும் திருத்துவதை நிறுத்தினாள். யார் எப்படி எழுதினாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, வருகிறவளுக்கு இலையோ தட்டோ போட்டு, போகிறவளை வாசல் வரை வழியனுப்பினாள். அதிலும் ஒரு கஷ்டம் வந்தது. பள்ளியில் சேர்த்தபோது சான்றிதழில் இருந்த பெயரைத்தான் எழுதிக்கொண்டார்கள். எலிலிக்கு அடையாள அட்டை வந்தது, பெஞ்சில் இடம் கிடைத்தது. எழிலிக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு பேரும் முறைவைத்துப் போனார்கள். அன்றைக்கு நடத்தியதைப் போனவள் போகாதவளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாள். போனது யாராக இருந்தாலும் டீச்சர் எலிலி என்றுதான் கூப்பிட்டார், போனவள் உள்ளேன் அம்மா என்றாள். தன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போன எழிலிக்கு எடை குறையத் தொடங்கியது. மெலியவில்லை. கன்னம் அப்படியே உப்பியிருந்தது, எலிலியைவிட ஒரு தோசை கூடத்தான் சாப்பிட்டாள். பள்ளியில் டாக்டர்கள் வந்து எடை பார்த்த அன்று அவள் முறை. ஏறி நின்றாள், முள் அசையவில்லை. மெஷின் ரிப்பேர் என்று டாக்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

நடந்தால் மணலில் தடம் விழவில்லை. ஒரு விரலில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தாள். தமிழரசு கம்பெனியிலிருந்து இரும்பு வாஷர்கள் கொண்டுவந்தான். தேவிப்பிரியா அவற்றைப் பாவாடையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். ஓடும்போது எழிலியிடமிருந்து சில்லறை குலுங்குகிற சத்தம் வந்தது. ஆனி பிறந்து காற்று கிளம்பியதும் எலிலி அவள் கையை விடவே இல்லை. கடைக்குப் போனாலும், கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனாலும், குழாயடியில் நின்றாலும், ஒரு கை எழிலியின் மணிக்கட்டில் இருந்தது. தெருவில் பார்ப்பவர்கள் இதென்ன இவ்வளவு பாசம் என்றார்கள்.

அலுவலகத்திலிருந்து போனில் செய்தி வந்தது ஆடி மாதத்தில். மனு ஏற்கப்பட்டது, மூலச் சான்றிதழோடு நேரில் வரவும் என்றிருந்தது. இத்தனை வருஷம் தூங்கிய மனு ஏன் இப்போது விழித்ததென்று யாருக்கும் தெரியாது. அன்று தேவிப்பிரியா தமிழரசிடம் போனை நீட்டினாள்.

"திருத்திட்டா இவளுக்கு எடை வந்துடும்" என்றான் அவன்.

"அவளுக்கு?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாஷர் தைத்த பாவாடைகளை மடிக்க ஆரம்பித்தான். எடுத்து மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். போகவேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். வாஷரைக் கூட்டிக்கொள்ளலாம், காற்று குறைந்துவிடும், அப்புறம் யோசிக்கலாம் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் கூழ் ஊற்றினார்கள். ஜெகதாம்பாள் வீட்டு வேண்டுதல், தெருவே போயிருந்தது. கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் கூட்டம் நெரிந்ததில் எழிலியின் பாவாடை எதிலோ மாட்டிக் கிழிந்து, வாஷர்கள் தரையில் உருண்டன. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொள்ள, எழிலி கிளம்பினாள். பயந்து கத்தக்கூட இல்லை. கையில் கூழ்க் கிண்ணம் சாயாமல் நிமிர்ந்தே போனாள். எலிலி எம்பி அவள் கணுக்காலைப் பிடித்தாள். கொஞ்ச தூரம் அவளும் சேர்ந்து இழுபட்டுப் போய், பந்தல் காலில் இன்னொரு கையைக் கோத்துக்கொண்டு தொங்கினாள். சவுக்குக் கம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஆட்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் இறக்கும்வரை அவள் விடவில்லை. ஜெகதாம்பாள் காயத்தில் மஞ்சளை வைத்து அழுத்தினாள்.

"தேவிமா, நான் சொல்றனேன்னு தப்பா நெனச்சிக்காத. இந்தப் புள்ள எவ்ளோ நாளிக்கு இப்டி புடிச்சிகினே நிக்கும்? அதுக்கும் கை வலிக்கும்ல."

மறுநாள் காலை தேவிப்பிரியா ஆபீசுக்கு விடுப்புச் சொன்னாள். இரண்டு பேருக்கும் தலை வாரினாள். எழிலியின் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. படியிறங்கும்போது எலிலி கட்டுப்போட்ட கையால் அவள் புடவையைத் தொட்டாள்.

"அம்மா, என் தட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டேன். என் துணியெல்லாம் அவளுக்குப் பத்தும்."

தேவிப்பிரியா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வேன் வந்தபோதுதான் எழுந்தாள்.

அலுவலகத்தில் பிறப்புப் பதிவைப் பார்ப்பவர் இருதயராஜ் என்ற பெரியவர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் மனுவைத் தேடி எடுத்தார்.

"எலிலி தப்பு, எழிலி சரி. அதானம்மா? அடிச்சிரலாமா?"

அவர் விரல் விசைமேல் இருந்தது. தேவிப்பிரியாவின் பக்கத்தில் எலிலி நேராக நின்றுகொண்டிருந்தாள், ஊசி போட்டுக்கொள்ள நிற்கும் பிள்ளையைப் போல, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"தப்பு இல்லைங்க சார்" என்றாள் தேவிப்பிரியா.

"இன்னாம்மா, நீதான எழுதிக் குடுத்துகீற?"

"எழுதுனது நான்தான். தெரியாம எழுதிட்டேன். எலிலி என் பொண்ணு சார். அது சரியாத்தான் இருக்கு. எனக்கு இன்னொரு பொண்ணும் இருக்கா. அவ பேரு விட்டுப்போச்சு. அதைச் சேக்கணும்."

இருதயராஜ் கண்ணாடியை இறக்கினார். ஒரு பிரசவத்துக்கு ஒரு பதிவுதான் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஒன்றுதான், இன்னொன்றை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். தேவிப்பிரியா பதில் சொல்லக் கையை நீட்டியதில் துப்பட்டாவின் சுற்று அவிழ்ந்தது. தலைக்குமேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் எழிலி சுவரோரமாக மேலே போய், கோப்பு அலமாரியின் உச்சியில் உட்கார்ந்தாள். அங்கே தூசி இருந்ததால் தும்மினாள். இருதயராஜ் எழுந்துபோய் ஃபேனை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எலிலியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எங்க ஊட்லயும் ஒருத்தர் கீறாரும்மா" என்றார். "பத்தாவது சர்டிபிகேட்ல எம் பேர்ல ரு உட்டுட்டாங்க. இதயராஜ்னு போட்டாங்க. அன்னிக்கு வந்தவரு. எங்கம்மா சாவுக்கு என்னைவிட அவருதான் அதிகமா அயுதாரு. மாத்திக்கோ மாத்திக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் மாத்தல. இப்பவும் சாயங்காலம் போனா கேரம் போர்டு எடுத்து வச்சிகினு ஒக்காந்திருப்பாரு."

இருதயராஜ் திருத்தம் என்ற பக்கத்தை மூடினார். விடுபட்ட பதிவு என்ற பக்கத்தைத் திறந்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தட்டுவதற்கு முன்னால் நிறுத்தினார்.

"சிறப்பு ழ தானம்மா? கடைசில சாதா லி?"

மகள் பிறந்த நாளிலிருந்து இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எலிலிதான் கண்ணைத் திறந்து பதில் சொன்னாள். "ஆமா சார். எ. ழி. லி." பிசிறில்லாமல் சொன்னாள். இருதயராஜ் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். முதல் எழுத்துக்கு எழிலி அலமாரியிலிருந்து வழுக்கினாள். இரண்டாம் எழுத்துக்கு மேசை உயரத்துக்கு வந்தாள். மூன்றாம் எழுத்துக்கு அவள் கால் தரையில் பட்டது. பட்ட சத்தம் கேட்டது. எலிலி பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, இழுப்பு இல்லாததைக் கண்டு, தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல ரெண்டு பிறப்பு. சரி. யாரு மொதல்ல? அதையும் போடணும்" என்றார் இருதயராஜ்.

தேவிப்பிரியா யோசித்தாள். மேகம் நிழல் பிடித்து வந்த அந்தச் சித்திரை மத்தியானம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று பிறந்தது யார் என்றும் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் எழிலி முந்திக்கொண்டாள்.

"அவதான் சார் அக்கா. அவ பேரைத்தான முதல்ல எழுதுனாங்க."

இருதயராஜ் அப்படியே போட்டார். அச்சாகி வந்த இரண்டு தாள்களையும் தேவிப்பிரியா ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

குமணன்சாவடியில் ஏறிய வேனில் கூட்டம். ஓர் ஓரத்து இடம்தான் காலியாக இருந்தது. அக்காவுக்குத்தான் ஜன்னல் என்று எழிலி அவளை உட்காரச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் மடியில் தன் முழு எடையோடு உட்கார்ந்துகொண்டாள். காட்டுப்பாக்கத்தில் பாதிப் பேர் இறங்கி நிறைய இடம் கிடைத்தது. எழிலி எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போனதை எலிலி நூம்பல் வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.